நகையை அடகு வைத்து சிஎன்சி படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாதம் 14,000 ரூபாய் வருகிறது, 12,000 செலவாகிவிடுகிறது. பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. கோவையில் ஒரு தனியார் மையத்தில் ஆறு மாத சிஎன்சி (கம்ப்யூட்டர் மூலம் இயங்கி உலோகத்தை வெட்டும் மெஷின்) பயிற்சிக்கு 65,000 கேட்கிறார்கள். முடித்ததும் 25,000 சம்பளத்தில் வேலை உறுதி என்கிறார்கள். நாலு பவுன் நகை இருக்கிறது. அடகு வைத்துச் சேரலாமா? அம்மா கோவை கணபதியில் தனியாக இருக்கிறார்.

பதில்: வேலை மாற நினைப்பது நல்ல முடிவு, சகோதரி. ஆனால் அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

இந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு 65,000 மட்டும் இல்லை. ஆறு மாதம் சம்பளம் இருக்காது. வீட்டுச் செலவே 72,000 ஆகிவிடும். மொத்தம் 1,37,000. சொன்னபடி 25,000 கிடைத்தால், கூடுதலாக வரும் 11,000-ஐ வைத்து ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் போட்டதை எடுத்துவிடலாம். 16,000-தான் கிடைக்கிறது என்றால்? மாதம் 2,000 கூடுதல். போட்ட பணம் திரும்ப ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். இதில் நகை வட்டியைச் சேர்க்கவே இல்லை. வேலை உறுதி என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். போன பேட்ச்சில் படித்த பெண்கள் இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆபரேட்டராகத்தான் சேர்வார்கள். வெட்ட வேண்டிய உலோகத் துண்டை மெஷினின் பிடியில் (சக்) மாட்டி, மெஷினை ஓடவிட்டு, வெளியே வரும் பீஸை அளந்து பார்க்கும் வேலை. டூல் மாற்றி, அதற்கேற்ற அளவுத் திருத்தம் (ஆஃப்செட்) கொடுத்து, புரோகிராமைத் திருத்துபவர் செட்டர். சம்பளம் ஏறுவது அங்கேதான். அதை மெஷின் பக்கத்தில் நின்று பழகித்தான் கற்றுக்கொள்ள முடியும். கணபதியில் ஒரு பட்டறையில் பார்த்தேன்: ஒரு அம்மா எண்ணெய் சொட்டும் புஷ் என்ற உலோக வளையத்தைத் துணியில் துடைத்து, நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரில் வைத்து, ஒரு கோடு கூடியதும் தனியாக எடுத்து வைத்தார். தையல் பிசகினால் உடனே கண்டுபிடிக்கும் உங்கள் கண்ணுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும். அதனால் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனில் நுழையவும் முயன்று பாருங்கள்.

அம்மா கணபதியில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். சுற்றிலும் பட்டறைகள்தான். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் இருக்கிறது, வாடகையும் மிச்சம். கல்வியாண்டு முடிந்ததும் அங்கே குடிபோய்விட்டு, டிரெய்னியாக எடுக்கும் கம்பெனியாகப் பார்த்துச் சேருங்கள். சம்பளம் முதலில் இப்போது வாங்குவதைவிடக் குறைந்தாலும், மிச்சமாகும் வாடகை அதை ஈடுகட்டும். கையில் 36,000, அதாவது மூன்று மாதச் செலவு, சேரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். நகை அப்படியே இருக்கட்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் பத்து நாள் வேலைக்குப் போக முடியாமல் போனால், அன்றைக்கு உங்களைக் காப்பது அதுதான்.

படித்தே ஆக வேண்டும் என்றால் அரசு ஐடிஐ-யைப் பாருங்கள். பயிற்சிக் கட்டணம் இல்லை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. டர்னர், மெஷினிஸ்ட் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். ஆனால் அத்தனை காலம் அம்மாவால் வீட்டைத் தாங்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளும் இலவசம்தான்.

நேர்காணலில் சம்பளத்தோடு ஷிப்ட்டையும் கேளுங்கள். சின்னப் பட்டறைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் ராத்திரி ஷிப்ட் போட முடியாது. அப்புறம், பிஎஃப், இஎஸ்ஐ இருக்கிறதா என்று கேளுங்கள். இஎஸ்ஐ 21,000 சம்பளம் வரைதான். அதில் மகளுக்கும் சிகிச்சை கிடைக்கும். பிஎஃப்பில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மகளுக்கு 25 வயது வரை மாதப் பென்ஷன் வரும். அதோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். இதற்காக உங்கள் சம்பளத்தில் தனியாக எதுவும் பிடிக்க மாட்டார்கள். நாமினியாக மகளையும், அவளுக்குக் காப்பாளராக உங்கள் அம்மாவையும் முதல் மாதமே பதிந்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கணவருக்கு எங்காவது பிஎஃப் பிடித்தார்களா? வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால், உங்களுக்கு விதவைப் பென்ஷன் மாதம் குறைந்தது 1,000 ரூபாயும், மகளுக்குத் தனிப் பென்ஷனும் வர வேண்டும். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய பழைய சம்பள ரசீது எதையாவது தேடி எடுத்து, இறப்புச் சான்றிதழோடு பிஎஃப் அலுவலகத்துக்குப் போய் பென்ஷன் விண்ணப்பமான படிவம் 10டி கேளுங்கள். வேலை தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.