கிருமி கொல்லும் சோப்பு வாங்கலாமா?

கேள்வி: பச்சை இறைச்சியைத் தனியாக வைக்க வேண்டும், கையை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து சமைக்கிற அவசரத்தில் பாதி விட்டுப்போகிறது. கிருமிகளைக் கொல்லும் என்று போட்டிருக்கும் சோப்பும் காய்கறி கழுவும் திரவமும் வாங்கி வைத்தால் கவலை தீருமா?

பதில்: தீராதம்மா. அந்தப் பணத்தை வேறு பொருள்களில் போடுங்கள்.

கைக்குச் சாதாரண சோப்பே போதும், 20 விநாடி தேய்த்துக் கழுவினால். கிருமியைக் கொல்வதற்கென்று ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்கள் சேர்த்த கைகழுவும் சோப்புகளை விற்கக் கூடாது என்று 2016-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதைத் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. காய்கறிக்கும் ஓடும் தண்ணீர் போதும். கோழி இறைச்சியைக் கழுவவே வேண்டாம். தெறிக்கும் நீர் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்பும், நன்றாக வேகவைத்தாலே அது செத்துவிடும்.

முதலில் ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. திருகில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்களைப் பலர் வெப்பநிலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவை குளிரூட்டும் அளவை மட்டுமே குறிக்கின்றன.

அடுத்தது, மூடியுள்ள ஆழமில்லாத டப்பாக்கள். உங்களைப் போல அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவைதான் பெரிய உதவி. பெரிய பாத்திரத்தில் சோறு அப்படியே இருந்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ‘கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இங்கேதான் கைவிடுகிறது. சமைத்த 2 மணி நேரத்துக்குள் டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், இறைச்சிக்கென்று வேறு நிறத்தில் இன்னொரு வெட்டும் பலகை. நிறம் வேறாக இருந்தால் அவசரத்திலும் கை மாறிப்போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதி விட்டுப்போகிறது என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். சாப்பிடுகிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. மீந்ததை டப்பாவில் போட்டு எடுத்து வைக்கும் வேலையை இன்று முதலே வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.