ரிசார்ட் பாக்காத மாலத்தீவு டீச்சர்

வணக்கம் அக்கா,

நீங்க மாலத்தீவுல வேலை பாத்த காலத்தைப் பத்தி எழுதினது எல்லாம் படிச்சிருக்கேன். நானும் இப்ப அங்கதான் இருக்கேன், வடக்குல ஹா தாலு அட்டோல்ல (பவளத்தீவுக் கூட்டம்) ஒரு சின்னத் தீவு, இங்கிலீஷ் டீச்சர். ஊர்ல யார் கிட்ட பேசினாலும் "உனக்கென்னம்மா, மாலத்தீவு"ங்கறாங்க. நான் ஒரு ரிசார்ட் வாசலைக் கூட மிதிச்சதில்ல. ஸ்கூல், ரூம், மறுபடி ஸ்கூல். தீவை முழுசா சுத்தி நடந்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. வெள்ளி சனி லீவு, போக எடம் இல்ல. கிளாஸ் பசங்க மட்டும்தான் ஆறுதல். கான்ட்ராக்ட் முடியப்போகுது. சேத்து வெச்ச காசுல ரெண்டு நாள் ஒரு ரிசார்ட்ல இருந்துட்டு ஊருக்குக் கிளம்பிடலாமா, இல்ல ரினியூ பண்ணலாமா?

ர.

அன்புள்ள ர.,

ரிசார்ட் வேண்டாம். மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா உங்க கடிதம் முழுக்க அந்த ஆசைதான் ஓடுது. போகவே கூடாதுன்னு இல்ல, என்னிக்காவது வேற யாராவது செலவு பண்ணினா தாராளமா போங்க. ஆனா உங்களுக்குச் சம்பளம் ரூஃபியாவுல வருது, அங்க பில்லு டாலர்ல வரும். ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியான்னு எழுதி வெச்சிருக்கற ரேட்டுக்கு டாலர் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு வீட்டுக்குப் பணம் அனுப்பற உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. அப்படிச் சேத்த காசை ரெண்டு ராத்திரிக்குக் குடுத்துட்டு வந்தா கையில மிஞ்சறது "உனக்கென்னம்மா"ன்னு கேட்டவங்களுக்குக் காட்ட நாலு போட்டோ, அவ்வளவுதான். கடலும் மணலும் உங்க ஸ்கூல் காம்பவுண்டுக்கு வெளியில இருக்கற அதே கடலும் மணலும்தான்.

இன்னொண்ணு, 1972ல குரும்பாங்கற மொத ரிசார்ட் ஆரம்பிச்சதுல இருந்தே அங்க ஏற்பாடு அப்படித்தான், ஆள் குடியில்லாத தீவா பாத்து ரிசார்ட் கட்டறது, ஒரு தீவுக்கு ஒண்ணு, டூரிஸ்ட் ஒரு பக்கம் ஊர் ஜனம் ஒரு பக்கம். ஊர்த்தீவுகள்ல கெஸ்ட் ஹவுஸ் பெருகினதே 2009க்கு அப்புறம்தான். நீங்க இருக்கறது ஊர் ஜனம் இருக்கற பக்கம். அந்தப் பக்கத்துல ஊர் சுத்தறதுக்கு வழியே வேற, அதைப் பத்திதான் எழுத வந்தேன்.

"கிளாஸ் பசங்க மட்டும்தான் ஆறுதல்"னு ஒரே வரில தாண்டிட்டீங்க பாருங்க, உங்க டிக்கெட்டே அங்கதான் இருக்கு.

நான் அஞ்சாங்கிளாசுக்கு ஒரு தடவை ஆறு பத்திப் பாடம் எடுத்தேன். இங்கிலீஷ் ரீடர்ல வர்ற பாதி விஷயம் அந்த நாட்டுல கிடையாது, ஆறு இல்ல, மலை இல்ல, ரயில் இல்ல, நாய் வளர்க்கவே தடை. சரின்னு போர்டுல மலை வரைஞ்சு, அதுல இருந்து ஒரு கோடு இழுத்து, வளைச்சு வளைச்சுக் கொண்டு வந்து கடல்ல விட்டேன். பின் வரிசையில இருந்து ஒரு பையன், "மிஸ், திரும்ப எப்ப வரும்?"னான். எது திரும்ப வரணும்னு எனக்குப் புரியல, "தண்ணி மிஸ்"னான். அவனுக்குத் தெரிஞ்ச தண்ணி எல்லாமே போனா திரும்பி வர்ற தண்ணி, தீவுக்கும் தீவுக்கும் நடுவுல ஓடற நீரோட்டம் ஏத்தவத்தத்துக்குத் தக்க மாறும், மான்சூன் மாறினா மொத்தமா மறுபக்கம் திரும்பும். காலம்பூரா ஒரே பக்கமா ஓடற தண்ணியை அவனால நம்பவே முடியல, நான் ஏதோ கதை விடறேன்னு நினைச்சிருப்பான். மீதி பீரியட் பூரா அவங்க பேசினாங்க நான் கேட்டேன், எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் மீன் வரும், எந்த மாசம் தோணியை எந்தப் பக்கமா கொண்டு போகக் கூடாது, எல்லாம் தத்துப்பித்து இங்கிலீஷ்ல, ஆனா வருஷம் பூரா அந்தக் கிளாஸ் அவ்வளவு இங்கிலீஷ் பேசி நான் பாத்ததில்ல.

அந்தப் பையனோட அப்பாவுக்குத் தோணி இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அவங்க குடும்பமா உத்தீமு போனப்ப "டீச்சரும் வரட்டும்"னு ஏத்திக்கிட்டாங்க. உத்தீமு உங்களுக்கும் கிட்டதான், பக்கத்து ஹா அலிஃப் அட்டோல். 1573ல போர்த்துகீசியரைத் துரத்தின முகமது தகுருஃபானு பொறந்து வளர்ந்த வீடு அங்க இருக்கு. அரண்மனைன்னு சொல்லுவாங்க, பெரிய கோட்டைய மனசுல வெச்சுக்கிட்டுப் போகாதீங்க, மரத்துல கட்டின வீடு, உள்ள ஊஞ்சல் கட்டில், சுத்தி வெள்ளை மணல். எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தப் பையனோட பாட்டி ஒவ்வொண்ணையும் அவங்க திவேஹி பாஷையில விளக்க, பையன் எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல, நடுவுல அவனே ரெண்டு பொய்யும் சேத்துக்கிட்டான்.

அதனால வெள்ளிக்கிழமை ரூம்ல போனைப் பாத்துட்டு இருக்காதீங்க. இந்திய டீச்சருங்க எல்லாம் ஒரே வீட்ல இருந்து, ஒண்ணா சமைச்சு, ஒண்ணா ஸ்கூலைத் திட்டி, ஒண்ணா சீரியல் பாத்து வருஷத்தை ஓட்டறது நடக்கும், பாதுகாப்புதான், ஆனா அந்த வீட்டுக்குள்ளயே இருந்தா தீவு உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாயங்காலம் ஜெட்டி பக்கம் போங்க, அங்க கம்பில கயிறு பின்னின ஜோலி சேர் போட்டிருப்பாங்க, உட்காருங்க. தலைநகர் மாலேல இருந்து சப்ளை போட் வர்ற அன்னிக்குக் கட்டாயம் போங்க. வெங்காய மூட்டை, முட்டை ட்ரே, யாருக்கோ வாஷிங் மெஷின், எல்லாத்தையும் தள்ளுவண்டில ஏத்துவாங்க, ஊரே அங்கதான் நிக்கும், முட்டைக்கோஸும் அன்னிக்குப் போனாதான் உண்டு. பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசாத அம்மாக்கள் எல்லாம் அங்க நல்லா பேசுவாங்க.

ஃபெர்ரி விஷயம். எங்க காலத்துல ஆமை வேக ஃபெர்ரிதான், அதுவும் தினம் கிடையாது. 2022 கடைசில புது ஸ்பீட் போட் ஃபெர்ரி ஆரம்பிச்சப்போ உங்க வடக்கு அட்டோல்கள்லதான் மொதல்ல விட்டாங்க, அதைப் பயன்படுத்திக்குங்க. வெள்ளிக்கிழமைய நம்பாதீங்க, சனிக்கிழமை வெச்சுக்குங்க. யெல்லோ அலர்ட் வந்துச்சுன்னா பிளானை மாத்திடுங்க, தென்மேற்கு மான்சூன் சமயத்துல கடல் கிட்ட வீரம் காட்ட வேண்டாம். குள்ஹுதுஃபுஷிக்கு பேங்க் வேலையா மட்டும் போய்ட்டு ஓடி வராதீங்க. தேங்கா மட்டைய மண்ணுல புதைச்சு ஊறவெச்சு கயிறு திரிக்கறதுக்குப் பேர் போன ஊர் அது, பெண்களோட வேலை. 2019ல ஏர்போர்ட் வந்தப்ப அதுக்காக மாங்ரோவ் சதுப்புக் காட்டுல ஒரு பகுதிய மூடிட்டாங்க, அங்க மட்டை ஊறப்போட்ட பெண்களுக்கு அது பெரிய அடி. யாராவது ஸ்டூடன்ட்டோட பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க, நிறைய சொல்லுவாங்க.

ரிசார்ட்டுக்குன்னு வெச்ச காசு இருக்கில்ல, அதுல மிட் டேர்ம் பிரேக்ல தெற்கே போங்க. மாலேல இருந்து ஃப்ளைட்ல கான் தீவுல போய் இறங்கினா அட்டு அட்டோல், பூமத்திய ரேகைக்கு அந்தாண்ட. கான்ல பிரிட்டிஷ் விமானப்படை தளம் 1976 வரைக்கும் இருந்துச்சு. தளத்துல வேலை பாத்து இங்கிலீஷ் பழகின அட்டு ஆளுங்க, அது மூடினதும் வடக்கே புதுசா வந்திருந்த ரிசார்ட்டுகளுக்கு வேலைக்குப் போனாங்க. இங்கிலீஷ் டீச்சர் கட்டாயம் பாக்க வேண்டிய ஊர் இல்லையா அது? கான்ல இருந்து ஹித்ததூ வரைக்கும் தீவுகளை ரோடு போட்டு இணைச்சிருக்காங்க, வாடகை சைக்கிள் போதும். அங்கிருந்து போட் புடிச்சு ஃபுவஹ்முலா போங்க, ஒத்தைத் தீவே ஒரு அட்டோல், உள்ள ரெண்டு நல்ல தண்ணி ஏரி, வடக்குக் கரையில மணலுக்குப் பதிலா வெள்ளை வெள்ளையா கூழாங்கல். உங்க பசங்களே பாத்திருக்க மாட்டாங்க, போட்டோ எடுத்துட்டு வந்து கிளாஸ்ல காட்டுங்க.

புலம்பறதுக்கு வெக்கப்படாதீங்க, அதையும் சொல்லணும். 1343ல இபுன் பதூதாவே மாலத்தீவுக்கு வந்து காஜி (நீதிபதி) வேலைல மாட்டிக்கிட்டு, இங்க பெண்கள் உடுத்தறது சரியில்லன்னு உத்தரவெல்லாம் போட்டு, ஒருத்தரும் கேக்கலன்னு எழுதி வெச்சிருக்கார். உலகம் சுத்தின மனுஷன், அடுத்த வருஷமே மூட்டை கட்டிட்டார்.

ரினியூவல் பத்தி. ஊர் சுத்த முடியலங்கறது கிளம்பறதுக்குப் பத்தாத காரணம். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்ல, கிளாசுக்குள்ள போகவே பிடிக்கல, அனுப்பற பணம் கட்டுப்படியாகல, இதுல எதாவது ஒண்ணு இருந்தா உடனே கிளம்புங்கன்னு சொல்லுவேன். பசங்களைப் பிடிச்சிருக்குன்னுதான் எழுதியிருக்கீங்க, அதனால இன்னொரு வருஷம் இருங்க. ஆனா வருஷ லீவு டிக்கெட் யார் செலவு, வீட்டு வாடகை அலவன்ஸ் எவ்வளவு, லீவு மாசத்துக்குச் சம்பளம் உண்டா, இது மூணும் பேப்பர்ல வர்ற வரைக்கும் கையெழுத்து போடாதீங்க, வாய் வார்த்தையா சொன்னா சிரிச்சுட்டு "அதையே எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டா அதுவும் நல்லதுதான், இப்பவே தெரிஞ்சுபோகும்.

ஃபுவஹ்முலா போற போட்ல பின்னாடி சீட்டு கேட்டு வாங்குங்க, டீசல் வாடை அடிக்கும், பரவால்ல, முன்னாடி உட்கார்ந்தா இடுப்பு கழண்டுடும். வாந்தி மாத்திரை கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க.

அன்புடன்,
அக்கா