எலியின் பயமும் மஞ்சள் மாத்திரையும்

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததாகப் படித்தேன். மூன்று வருடமாகப் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதை விட்டுவிட்டு குர்குமினுக்கு மாறலாமா? எலிக்குப் பதற்றம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சகோதரி. திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை என்று படுத்திவிடும்.

சரி, எலிக்கு வருவோம். மருந்தியல் துறையில் பல வருடம் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி போல ஒரு மேடை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் வெட்டவெளி. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்ப்போம். பயந்த எலி சுவர் முடியும் இடத்தில் பின்னங்காலை ஊன்றி உடம்பை மட்டும் நீட்டும். மீசை துடிக்கும். சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பதற்றத்தைக் குறைக்கும் டயஸிபாம் மருந்து கொடுத்த எலியோ வெட்டவெளிக்குப் போய் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு எலிக்குப் பிறகும் மேடையை ஆல்கஹாலால் துடைத்தாக வேண்டும். முந்தைய எலியின் வாசம் இருந்தால் அடுத்தது மிரளும்.

மன அழுத்தம் உண்டாக்க எலியைக் குறுகலான குழாயில் அடைத்து வைப்பார்கள். முதல்முறை வெளியே எடுத்தபோது மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று பதறிப்போனேன். அழுத்தத்தில் கண்ணருகே உள்ள சுரப்பி கசிய விடும் நிறமி அது. அன்றிலிருந்து, தேவைக்கு மேல் ஒரு எலியைக்கூடச் சோதனைக்குக் கேட்டதில்லை.

குர்குமின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை, அதாவது ஆக்சிஜனால் செல்களுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்களை, பதற்றத்துக்கு ஏன் சோதிக்கிறார்கள்? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கொழுப்பும் அதில் அதிகம். அதனால் ஆக்சிஜனேற்றச் சேதம் அங்கே சுலபமாக நடக்கும். ஆனால் கணக்கு அவ்வளவு நேரானதில்லை. குளுட்டதயோன் ரிடக்டேஸ் என்ற நொதி, உடலின் சொந்தத் தடுப்பானான குளுட்டதயோனைப் புதுப்பிப்பது. 2005-ல் வந்த ஓர் ஆய்வில், சுண்டெலி மூளையின் ஒரு பகுதியில் இந்த நொதியைக் கூட்டியபோது பதற்றம் குறையவில்லை, அதிகமானது! தடுப்பான் கூடினால் பதற்றம் குறையும் என்று நம்பியிருந்த என்னை நிறைய யோசிக்க வைத்த முடிவு அது.

அப்புறம் அளவு. எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்று வையுங்கள். மனிதருக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ எடைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் வரும். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஆக தினம் 30 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். அவ்வளவு சாப்பிட்டாலும் குடல் அதில் சொற்பத்தைத்தான் உறிஞ்சும். உறிஞ்ச வைக்கத்தான் குர்குமின் மாத்திரையில் மிளகுச் சத்து சேர்க்கிறார்கள். அதுவே மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். அப்படிப்பட்ட மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் உண்டு.

குழம்பில் போடும் மஞ்சள் இருக்கட்டும். குர்குமின் மாத்திரை வாங்கிவிட்டீர்கள் என்றால், தொடங்கும் முன் அந்த டப்பாவை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.