சிறுபான்மையினர், ஆதிக்குடிகள் உரிமைச் சட்டத்தை இணையவழியில் எங்கிருந்து தொடங்கிப் படிப்பது?

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே, பட்டப்படிப்பில் சேராமல் இத்துறையைக் கற்க முடியுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஐக்கிய நாடுகளின் ஒலி-ஒளி நூலகத்தில் சர்வதேசச் சட்ட விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், விரிவுரைகளுக்கு முன்னர் மூல ஆவணங்களை வாசிப்பதே நல்லது என்பேன்.

முதலில், 1966 ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 27 ஆம் உறுப்புரையை எடுங்கள். ஒரே வாக்கியந்தான், எனினும் அது உரிமையைக் குழுவுக்கு அன்றி, சிறுபான்மையைச் சேர்ந்த 'ஆட்களுக்கு' வழங்குவதால் எழுந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. அதனை விளங்கிக்கொள்ள, பழங்குடி அல்லாத ஒருவரை மணந்தமையால் கனடாவில் தன் பழங்குடி அந்தஸ்தை இழந்த சான்ட்ரா லவ்லேஸின் முறைப்பாட்டில், அவ்வுடன்படிக்கையின் அமுலாக்கத்தைக் கண்காணிக்கும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 1981 இல் வெளியிட்ட கருத்தை முழுமையாக வாசியுங்கள்.

ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டுப் பிரகடனம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் 144 வாக்குகளால் நிறைவேறியது. சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது. இங்கு பலரும் மயங்குவதுண்டு: பிரகடனம் உடன்படிக்கையைப் போல் அரசைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் தன்மையுடைய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 169 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்கவில்லை.

மேற்குறித்த 1966 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் இணைந்தது. அது உள்நாட்டில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதறிய, மனித உரிமைகள் குழுவின் கருத்தை முன்வைத்துத் தன் தண்டனையை மீளாய்வு செய்யக் கோரிய சிங்கராசாவின் வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2006 இல் வழங்கிய தீர்ப்பைத் தவறாமல் படியுங்கள்.