ஆலோசனையா, களஞ்சியமா?

கேள்வி: அக்கா, விநியோகச் சங்கிலி முகாமைத்துவத்தில் பட்டம் முடித்துவிட்டேன். கொழும்பில் ஆலோசனை நிறுவனம் ஒன்றும் தேயிலை ஏற்றுமதிக் கம்பனி ஒன்றும் வேலை தருகின்றன. முதலாவதில் சம்பளம் கூட. எதை எடுப்பது? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: தேயிலைக்கே போங்கள், தங்கச்சி. அட்டன் பக்கம் ஃபெக்டரி ஒன்றில் தேயிலை அனுப்பும் வேலை பார்த்தவள் நான். பறித்த கொழுந்து காத்திருக்காது, அன்றே வாட்டப் போடவேண்டும். தூளான பிறகோ கொழும்பு ஏலத்துக்காக வாரக்கணக்கில் கிடக்கும். 1883இல் தொடங்கிய ஏலம் இப்போது ஒன்லைனில் நடக்கிறது. ஆனால் காத்திருப்பு இன்னும் போகவில்லை. தோட்டத்தின் காசும் அதோடுதான் முடங்கும். கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்தால் லொறியை எப்படித் திருப்புவது என்பதும் அங்கேதான் பழகும்.

ஆலோசனையில் ஆடை, மருந்து, உணவு என்று பல துறைகளைச் சீக்கிரம் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் ஆலோசகர் அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த கம்பனிக்குப் போய்விடுவார். திட்டம் பிழையாகப் போனால் போன் வருவது களஞ்சியத்துக்கு! சில வருடம் அந்தப் போனை எடுத்தவர் பிறகு ஆலோசகராகப் போனால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: களஞ்சியத்தில் விடுவார்களா, எக்செல் முன்னால் மட்டும் இருத்துவார்களா? எக்செல்தான் என்றால் ஆலோசனைக்கே போங்கள், சம்பளமாவது கூட.