அப்பாவுக்கு ஒரு ஸ்டீரியோ: 60,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பழைய பாட்டும் நாதஸ்வரமும் உயிர். 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கோவையில் ஒரு கடையில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் கொண்ட ஹோம் தியேட்டரை வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் ஹால் 12க்கு 14 அடி, தகரக் கூரை. வாங்கலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம், சகோதரி. அது படம் பார்ப்பவர்களுக்கானது. பாட்டுக்கு இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர் போதும். பழைய பாட்டுகளில் பல, மோனோவாக ஒரே தடத்தில் பதிவானவைதான். உங்கள் பணத்தை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் ஆறும் சுமாராகத்தான் இருக்கும்.

பாதிப் பணத்தை, அதாவது 30,000 ரூபாயை, ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். குரலின் குழைவும் தவிலின் அடியும் அங்கேதான் பிறக்கின்றன. வாங்கும்போது கோனை, அதாவது ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் தரும் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்று கட்டாயம் கேளுங்கள். குன்னூரில் நான் குடியிருந்தபோது, ஆசையாய் வாங்கிய ஸ்பீக்கர் சில வருடங்களில் கரகரக்க ஆரம்பித்தது. முன்பக்கத் துணியைக் கழற்றி விரலால் லேசாகத் தொட்டேன். ஃபோம் வளையம் ஈர மண்போல உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. மலை ஈரத்துக்கு ரப்பர்தான் தாங்கும்.

அடுத்து ஆம்ப்ளிஃபயர், 16,000 ரூபாய்க்குள். பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'பி.எம்.பி.ஓ. வாட்ஸ்' போட்டிருந்தால் மயங்காதீர்கள், அது விளம்பரத்துக்கான கணக்கு. விடாமல் தரக்கூடிய சக்தியான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் ஹாலுக்கு 40, 50 வாட்ஸ் தாராளம். 50 வாட்ஸை 100 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சின்ன வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் ஐப்பசி மழை தகரத்தில் கொட்டும்போது அதை ஜெயிக்க வாட்ஸுக்குச் செலவழிக்காதீர்கள். அந்த நேரத்துக்கு அப்பாவுக்கு ஒரு ஹெட்ஃபோன் போதும். புளூடூத் உள்ள ஆம்ப்ளிஃபயராகப் பார்த்தால் தனி பிளேயர் தேவையில்லை, வீட்டிலிருக்கும் போனே போதும்.

ஸ்டெபிலைசர், ஒயர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 6,000. ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் தாராளம். இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள், ஸ்டெபிலைசரை நம்பி இருக்க வேண்டாம்.

மீதி 8,000 ரூபாயைக் கடையில் கொடுக்காதீர்கள். சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடித்துப் பாட்டின் வார்த்தையைக் கலைத்துவிடும். தரையில் ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, அந்த ஹெட்ஃபோன் எல்லாம் இதிலேயே முடியும். ஆம்ப்ளிஃபயரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், சூடும் வெளியேறாது. திறந்த பலகையில் வையுங்கள். அப்பா தினமும் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டாலே அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது.

அப்புறம், அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலி எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழு அடி இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கும் ஏறத்தாழ ஏழு அடி இருக்கட்டும். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் 'தொம் தொம்'தான் கேட்கும். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து அவர் காது எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரில் மேலே உள்ள, கீச்சான ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வருகிற மாதிரி உங்கள் ஊர்த் தச்சரிடமே ஸ்டாண்டு செய்யச் சொல்லலாம்.