கூட வேலை பார்ப்பவர் தன் பங்கைச் செய்வதில்லை. மேலே சொல்லலாமா, பொறுத்துப் போகலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டே வரி எழுதியிருக்கிறார். இருவர் சேர்ந்து பார்க்கும் வேலையில் மற்றவர் பாதிகூடச் செய்வதில்லையாம், மேலே சொன்னால் போட்டுக் கொடுத்தவன் என்ற பெயர் வருமாம். அந்த ஆள் உங்களுக்கு ஏதோ ஒரு வகையில் வேண்டியவராகத்தான் இருப்பார். வேண்டாதவர் என்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள், நேற்றே சொல்லியிருப்பீர்கள்.

ஆளைப் பற்றிப் பேசாதீர்கள், வேலையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பிரித்த பிறகு அவர் பங்கில் கை வைக்காதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கம்பம். கம்பம்மெட்டு ஏறினால் கேரளா, இடுக்கி ஜில்லா. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். நான் போனது வண்டன்மேடு பக்கம் ஒரு ஸ்டோருக்கு, பச்சைக் காயை உலர்த்துகிற வேலை. அங்கே எனக்குத் துணை ஒரு அண்ணன். எங்கள் தெருக்காரர், என்னைவிட மூத்தவர், பேச்சில் கெட்டிக்காரர். காய் கொண்டுவரும் விவசாயிகளுக்கெல்லாம் அவரைத்தான் பிடிக்கும்.

ஏலக்காய் உலர்த்துவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பச்சைக் காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அறைக்குள் அடுக்கடுக்காக வைப்போம். வெளியே அடுப்பு, விறகு எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே ஓடும். 45-லிருந்து 50 டிகிரி வரை நிற்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். ஆரம்பத்தில் ஈரக் காற்று வெளியே போக வழி விட வேண்டும். சூடு எகிறினால் காய் வெடிக்கும், நடுவில் தணிந்தால் பச்சை போய் வெளுத்துவிடும். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவுக்கும் நிறத்தைப் பார்த்துத்தான் விலை. ஆக, ராத்திரியில் அடுப்புப் பக்கத்தில் ஒருவன் முழித்திருந்தே ஆக வேண்டும்.

அண்ணன் பத்து மணிக்குச் சாக்கை விரித்துவிடுவார். "தம்பி, நீ பாத்துக்கடா, நான் செத்த கண்ணசர்றேன்." அந்தச் 'செத்த' விடியற்காலை டீக்கடை திறக்கும்வரை நீளும். விறகு தள்ளுவது, வெப்பமானி பார்ப்பது, தட்டு மாற்றுவது எல்லாம் நான். காலையில் சூடு ஆறுமுன் காயைத் தேய்த்துக் காம்பு நீக்கும்போது முதலாளி வருவார். அப்போது பார்த்தால் அண்ணன்தான் வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

சொல்லலாம்தான். ஆனால் மலை மேல் இருக்கிற மலையாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேரும் 'பாண்டிக்காரன்'கள், அதாவது தமிழ்நாட்டு ஆட்கள். அந்நியன் முன்னால் ஊர்க்காரனைக் காட்டிக்கொடுத்தான் என்று கம்பத்தில் பேச்சு வந்தால் என் அம்மா தெருவில் நடக்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் நீங்களும் எங்கள் ஆள்தான்.

இதெல்லாம் 2019 சீசனில். முந்தைய வருஷ வெள்ளம், அதற்குப் பின் வந்த வறட்சி என்று காயே இல்லை. ஆகஸ்டில் இடுக்கியில் இருக்கிற புத்தடியில் ஏலம் விட்டபோது ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மலை முழுக்க அதே பேச்சு. எங்கள் கூலி ஏறியதா? ஒரு பைசா ஏறவில்லை. கேட்டால் "காய் இல்லையே, வேலையே கம்மிதானே" என்றார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து விலை ஆயிரத்துக்குக் கீழே விழுந்தபோது மட்டும் "விலை இல்லையே" என்று பாக்கியை இழுத்தடித்தார்கள். ஏறினாலும் எங்களுக்கு இல்லை, இறங்கினாலும் எங்களுக்கு இல்லை. சோம்பேறிகளைப் பற்றி இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைப் பற்றியும் நாலு வரி எழுதலாம். சரி, கேள்விக்கு வருகிறேன்.

நான் முதலாளியிடம் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க முழிக்கிறது வீண். முன்ராத்திரி அண்ணே, பின்ராத்திரி நான். மணிக்கொரு தடவை டிகிரியை நோட்டில எழுதி அவங்கவங்க கையெழுத்துப் போடறோம்." அவருக்கு அது சிக்கனமாகப் பட்டது, உடனே சரி என்றார். அண்ணனுக்கும் சந்தோஷம், பாதி ராத்திரி உரிமையோடு தூங்கலாமே.

முன்ராத்திரி நான் படுத்துவிடுவேன். தூக்கம் எங்கே வரும்? விறகு விழும் சத்தம் கேட்கிறதா என்று காது அடுப்புப் பக்கமே இருக்கும். ஒரு நாள் சத்தமே இல்லை. எழுந்து போய் இரண்டு கட்டை தள்ள எவ்வளவு நேரம்? போகவில்லை. என் முறை வந்தபோது அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. நோட்டில் மட்டும் பன்னிரண்டு மணி வரைக்கும் 48, 48, 48 என்று ஒரே பேனாவில் வரிசையாக இருந்தது.

அன்றைக்கு உள்ளே இருந்தது ஒரு சின்ன விவசாயியின் காய். கூலிக்கு உலர்த்தக் கொடுத்திருந்தார். மறுநாள் வந்தவர் ஒரு பிடி அள்ளி, கட்டை விரலால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். பாதி வெளுப்பு. எங்களைத் திட்டக்கூட இல்லை. முதலாளி நோட்டைப் புரட்டினார், அண்ணனைப் பார்த்தார், விவசாயிக்கு நஷ்டத்தைக் கட்டினார். அண்ணனை ராத்திரி வேலையிலிருந்து எடுத்துக் காய் வாங்கும் மேசையில் போட்டார். பேச்சு வேண்டிய இடம், அங்கே அவர் நன்றாகவே பார்த்தார். எனக்குத் துணையாக வந்த பையன் முழித்திருந்தான். அண்ணன் வீட்டில் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அது நடக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

'விவசாயி காய் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா' என்று கேட்பீர்கள். ஆமாம். சீசன் முழுக்க நான் தாங்கியதால்தான் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

'அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ' என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கஷ்டம் இருந்தது, எனக்கும் தெரியும். "தம்பி, ஒரு வாரம் முடியல, நீ பாரு" என்று வாய் திறந்து கேட்டிருந்தால் ஒரு மாசம்கூடப் பார்த்திருப்பேன்.